‘இபெ’ என்ற சுருக்கு

தம்பி,

நீ கேட்ட பென் டிரைவை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதைச் சொருகுவதற்கு முன்னால் இதை வாசித்துவிடு. போன ஞாயிறு போனில், "அம்மா, ஒங்க சுருக்கு லிஸ்ட்ட முழுசா ஏத்தித் தாங்க, புது ஆபீஸ்ல முக்கால்வாசி வேலை கடிதம் அடிக்கிறதுதானாம்" என்றாய். வரும் மாதம் முதல் நீ பிரதேச செயலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறாய். இத்தனை வருடமாக என்னைப் போன்றவர்கள் அடித்து அனுப்பும் கடிதங்களை நீ கை நீட்டி வாங்கப் போகிறாய். நீ கேட்ட பட்டியலில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அது ஏன் இல்லை என்று போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில், "சரிம்மா, விடுங்கம்மா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தலவாக்கலையில் பாரூக் நானாவின் கடையில் நான் சேர்ந்தபோது நீ நான்காம் ஆண்டில் இருந்தாய். அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்றார், மாதம் ஒரு தடவை வருவார். கடை உனக்குத் தெரியும், ஸ்டேசனுக்கு இறங்கும் வழியில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும் சனம் முதலில் நம்மிடம் வந்து கடிதம் அடித்துக்கொண்டுதான் பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தோட்டத்து ஆபீசுக்கோ போகும். நான் ஹட்டனில் தட்டச்சுப் படித்தது பழைய மெசினில். கொம்பியூட்டர் எனக்குப் புதிது. அப்போது பாவித்தது பாமினி எழுத்துரு. அதில் ஒரு தொல்லை இருந்தது. வசனத்தை ‘எனது மகன்’ என்று தொடங்கினால் இடைவெளி விட்டதும் ‘ஏனது மகன்’ என்று மாறிவிடும். ‘அவர்’ என்று தொடங்கினால் ‘ஆவர்’ ஆகிவிடும். என் விரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு வாரம் திரும்பத் திரும்ப அழித்து அடித்தேன். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நான் இங்கிலீசில் அடிக்கிறேன் என்று நினைத்து மெசின் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. அந்த எழுத்துருவில் இங்கிலீஷ் சின்ன எழுத்தை அடித்தால் குறில் வரும், பெரிய எழுத்தை அடித்தால் நெடில் வரும். அதை எங்கே நிறுத்துவது என்று மெனுவில் தேடிக்கொண்டு போனபோதுதான் அந்தப் பெட்டியைக் கண்டேன். இடது பக்கம் ஒரு சின்னச் சொல், வலது பக்கம் அதற்குப் பதிலாக வர வேண்டியது. சின்னச் சொல்லை அடித்து இடைவெளி விட்டால் பெரியது தானாக வந்து உட்காரும்.

அந்தப் பெட்டியைக் கண்ட நாளில் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதற்கு நானே ‘சுருக்கு’ என்று பெயர் வைத்தேன். ‘தோமு’ என்று அடித்தால் ‘தோட்ட முகாமையாளர் அவர்கட்கு’. ‘தகே’ என்று அடித்தால் ‘தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. ‘நுமா’ என்றால் ‘நுவரெலியா மாவட்டம்’. ‘பட்டி’ என்றால் மலைமேலே ரயில் ஸ்டேசன் இருக்கிற ‘பட்டிப்பொல’. அந்தப் பட்டிப்பொலதான் உன்னை வகுப்பில் மாட்டிவிட்டது. பொங்கலைப் பற்றிய கட்டுரையை என் மேசையில் இருந்து நீயே அடித்தாய். ‘எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு ஆட்டுப் பட்டி இருக்கிறது’ என்று நீ அடித்தது, ‘ஆட்டுப் பட்டிப்பொல இருக்கிறது’ என்று பள்ளிக்கூடத்துக்குப் போனது. வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எந்த ரயிலில் போக வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் நானாவும் சிரித்தோம். மெசின் நாம் சொல்லாததை எழுதும் என்பதை அன்றைக்கே நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைச் சிரிப்புக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்குள் என் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு மேல் வளர்ந்தது. முதலில் ஊர்ப் பெயர்கள், பிறகு பதவிகள், பிறகு முழு வசனங்கள். யார் வந்து என்ன கேட்டாலும் அதற்கு ஒரு வசனம் என்னிடம் தயாராக இருந்தது. அதிகம் வந்தது பெயர்ப் பிரச்சினைதான். நம் ஆட்களுக்கு எல்லாக் கடதாசியிலும் ஒரே பெயர் இருப்பது அபூர்வம். பிறந்தபோது தோட்டத்து கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதுவார். பள்ளிக்கூடத்தில் அதைத் திருத்துவார்கள். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் எழுதியதை இன்னொருவர் தமிழுக்குக் கொண்டுவரும்போது அது வேறொன்றாகும். உன் தாத்தாவே மூன்று கடதாசியில் வீரசாமி, வீராச்சாமி, வீரய்யா என்று மூன்று பேராக இருந்தார். இதற்கெல்லாம் ஜே.பி. என்கிற சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்த ஒரு சத்தியக் கடதாசி போதும். அதற்கு நான் வைத்த சுருக்கு ‘இபெ’, இரு பெயர். இரண்டு எழுத்து அடித்து இடைவெளி விட்டால், ‘மேற்குறித்த இரு பெயர்களாலும் அழைக்கப்படுபவர் நான் ஒருவரே என்றும், அவ்வாறான வேறொருவர் இல்லை என்றும் இத்தால் சத்தியம் செய்து உறுதிப்படுத்துகிறேன்’ என்று வரும். ஒரு நாளைக்குப் பல தடவை அதை அடித்தேன்.

ரெஜினா அக்கா வந்தது மழை விட்டிருந்த ஒரு நாள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், ஐம்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"மிஸ், ஐ.டி.ல பிலோமினானு இருக்கு. தோட்டத்துல வேலையாள் பேரு பதியுற செக்ரோல்ல ரெஜினானு இருக்கு. எது சரின்னு கடதாசி கொண்டாரச் சொல்லுறாங்க தோட்டத்து ஆபீஸ்ல" என்றார்.

"சரிக்கா, ஐ.டி.யத் தாங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். நான் ‘தோமு’ அடித்தேன், விலாசம் அடித்தேன், இடையிடையே "ம்ம்" என்றேன். ‘எங்க அக்கா’ என்று ஒரு சொல் காதில் விழுந்தது. ‘கோயில் பொஸ்தகத்துல’ என்றும் விழுந்தது. அவை விழுந்தன என்பதே எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பெயரையும் அடித்து ‘இபெ’ போட்டேன். அவர் பேசி முடிக்கும் முன்பே பிரின்டர் ஓடத் தொடங்கிவிட்டது.

"நா சொன்னது எல்லாம் எழுதியாச்சா மிஸ்?"

"எல்லாம் எழுதியாச்சுக்கா. ஜே.பி. கிட்ட சைன் வாங்கிக்கிங்க."

நானா பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "பாத்திங்களா மிஸ்ட கைய, பஸ் போக முந்தி கடுதாசி ரெடி" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து ரெஜினா அக்கா மறுபடி வந்தார். அன்றைக்கு மழை. சொப்பிங் பேக்குக்குள் இருந்து அதே கடதாசியை எடுத்து என் மேசையில் வைத்தார். இந்த முறை ‘மிஸ்’ என்று சொல்லவில்லை.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிங்க."

வாசித்தேன். வேறொருவர் இல்லை என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அப்ப எங்க அக்கா எங்க?"

"எந்த அக்கா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு. பிலோமினா என்பது அவருடைய அக்கா. நாலு வயதில் வயிற்றோட்டம் வந்து செத்துப்போன பிள்ளை. அப்போது அவர்களுடைய அம்மாவின் வயிற்றில் இருந்தது ரெஜினா, அக்கா செத்து மூன்று மாதம் கழித்துப் பிறந்தார். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், ஆனால் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டபோது அப்பா வீட்டில் இருந்த பிலோமினாவின் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை வைத்து ஐ.டி. எடுத்தார்கள். கடதாசியில் ரெஜினாவுக்கு நாலு வயது கூடிப்போனது. "ஆஸ்பத்திரில பிலோமினானு கூப்புடுவாங்க, நா எந்திரிச்சுப் போவேன். எங்கம்மா மட்டும் வாசப் பக்கம் திரும்பிப் பாக்கும்" என்றார். ஓய்வு கொடுக்கும் வயது நெருங்குகிறது என்று ஆபீஸில் சொன்ன பிறகுதான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று தலவாக்கலைக்கு வந்திருக்கிறார். அவர் கொண்டுபோய்க் கொடுத்த கடதாசியை கிளாக்கர் ஐயா சத்தமாக வாசித்து, "நீதான் பிலோமினான்னு நீயே சத்தியம் பண்ணியிருக்கியே" என்று சொல்லி, ஓய்வு வயது ஆகிவிட்டது என்று அடுத்த மாதமே செக்ரோலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அன்றைக்குச் சொன்னது, "நீங்க கையெழுத்து வச்சிங்கதானேக்கா?" என்பது.

அவர் கோபப்படவில்லை. "படிச்சவங்க எழுதுனா சரியா இருக்கும்னு வச்சேன்" என்றார். கடதாசியை மடித்து பேக்குக்குள் வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "வேலை போனது போவட்டும். நா செத்தா அவ பேருதானே எழுதுவாங்க. அவ ரெண்டு தடவ செத்தவளா ஆயிருவா. நா ஒரு தடவையும் பொறக்காதவளா ஆயிருவேன்." அதோடு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் கடையில் சனம் குறைந்ததும், நான் சேமித்து வைத்திருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ‘இபெ’ போட்டவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. எந்த முகமும் ஞாபகம் வரவில்லை. அவர்களில் எத்தனை பேர் வேறு எதையாவது சொன்னார்கள், நான் "ம்ம்" என்றேன் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அப்பா வந்தபோது அவரிடம் சொன்னேன். "வேணும்னா செஞ்ச? விடு" என்றார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் வேண்டுமென்று செய்திருந்தால் ஒருவருக்கு மட்டும் செய்திருப்பேன். ‘இபெ’யை அழித்தேன். அந்த வசனம் தேவைப்பட்டால் முழுவதையும் விரலால் அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். அடித்து முடிக்க எடுக்கும் நேரத்தில் எதிரே இருப்பவர் இன்னும் ஏதாவது சொல்ல இடம் இருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா? சித்தி வீட்டுக்குப் போகவில்லை. கொத்மலை பஸ் ஏறி, தோட்டத்தில் இறங்கி, விசாரித்து அவருடைய லயத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ரெஜினா அக்கா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை.

"எதுக்கு வந்திங்க?"

"கோயில் பொஸ்தகத்தப் பாக்கணும்க்கா."

"அத அன்னைக்கே சொன்னேனே."

"ஆமாங்க. நான்தான் கேக்கல."

கொஞ்ச நேரம் விறகை அடுக்கினார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கோயிலில் பாதர் பூசை முடித்துவிட்டு இருந்தார். இரண்டு பழைய புத்தகங்களை எடுத்து மேசையில் விரித்தார். அடக்கப் புத்தகத்தில் பிலோமினா, வயது நான்கு, தகப்பன் பெயர், தாய் பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் அதே தகப்பன், அதே தாய், பிள்ளை ரெஜினா. ரெஜினா அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரியாது. பாதர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தானும் விரல் வைத்தார். அக்காவின் பெயரில் வைத்த விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இது போதும், நான் கொப்பி எழுதித் தாறேன்" என்றார் பாதர்.

ஆனால் ரெஜினா என்ற பெயரில் புதிதாகப் பிறப்பைப் பதியப் போனபோது அது மட்டும் போதவில்லை. தானே பிலோமினா என்று சத்தியம் செய்த கடதாசி ஒன்று ஏற்கனவே இருக்கிறது, அது எப்படி வந்தது என்று பதிவகத்தில் கேட்டார்கள். அதற்கு நான் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. நானாவிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பயந்தார். "நம்ம கடைல பிழையா எழுதுவாங்கன்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா மிஸ்? நாளைக்கு யாரு வருவாங்க? ஒங்களுக்கு வேணும்னா குடுங்க, கடை பேர மட்டும் போட்டுடாதிங்க" என்றார். போடவில்லை. அதோடு நிறுத்தாமல் நானும் ஒன்றைக் குறைத்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்ற பயம், உன் பள்ளிக்கூடம், எல்லாம் இருந்தது. ‘என்னால் ஏற்பட்ட தட்டச்சுப் பிழை காரணமாக’ என்று எழுதினேன். உனக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், தம்பி. அது தட்டச்சுப் பிழை இல்லை. அந்தக் கடதாசியில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை, ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. நான் அடித்ததிலேயே சுத்தமான கடதாசிகளில் அது ஒன்று. அந்த அக்கா பேசியபோது நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவகத்தில் இருந்த அதிகாரி அதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "டைப்பிங் மிஸ்டேக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க சேர்" என்றேன்.

ரெஜினா அக்கா பக்கத்தில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து பஸ் ஏறும் வரையும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் என் பிழையை மன்னித்தாரா, அல்லது தன் வேலை ஆக வேண்டும் என்று பொறுத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கடதாசி மேசைக்கு மேசை நகர்ந்து முடிய இரண்டு மழைக்காலம் போனது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு கடதாசி கேட்டார்கள். அதை நான் சுருக்கில்லாமல் அடித்து, அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே அச்செடுத்துக் கொடுத்தேன். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. சான்றிதழ் வந்த பிறகு அதைத் தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுபோனார். எடுத்த பெயரை மறுபடி போட மேலே சம்மதிக்க மாட்டார்கள் என்று கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். அதற்குள் அவர் ஒரு சிங்கள மாத்தயாவின் மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார். அவருடைய அந்த நாலு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இதை நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை.

பட்டியலில் இருக்கும் மற்றவற்றை நீ தாராளமாகப் பாவி. நானும் இன்றைக்கு வரை பாவிக்கிறேன், விரல் மடங்காத குளிர் நாட்களில் அவை இல்லாமல் முடியாது. ஊர்ப் பெயருக்கும் பதவிக்கும் விலாசத்துக்கும் சுருக்கு வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. எதிரே நிற்கிற ஆள் சொல்வதற்குச் சுருக்கு வைக்காதே. உன் மேசைக்கு ஒரே மாதிரி கடிதங்கள் கட்டுக் கட்டாக வரும். அவற்றில் சிலதை நான் அடித்திருப்பேன். கொண்டுவருகிறவரிடம், "இதுல என்னா எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேள். வரிசை நீளும். பக்கத்து மேசைக்காரர் உன்னை மந்தம் என்பார். சொல்லட்டும்.

சான்றிதழ் கிடைத்த அன்றைக்கு ரெஜினா அக்கா கடைக்கு வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நல்ல வெயில். ஞாயிறு கோயிலுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். முதலில் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பெயர், பிறந்த இடம், தகப்பன், தாய் என்று மெதுவாக வாசித்தேன். பெயரை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பேக்குக்குள் இருந்து பழைய சான்றிதழையும் எடுத்தார், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன பிலோமினாவின் சான்றிதழ். இரண்டையும் லெமினேட் பண்ண வேண்டும் என்றார். நானா வாங்கிப் பார்த்துவிட்டு, கடதாசி சின்னதுதான், முதுகோடு முதுகு வைத்து ஒரே உறையில் போட்டுவிடலாம், காசும் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து உறைக்குள் தள்ளப் போனார்.

ரெஜினா அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"ஒண்ணா வேணாங்க நானா. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு போடுங்க."

அம்மா